உண்ண மறுக்கும் நாய்க்குட்டி: அறிய வேண்டுவனவும் செய்ய வேண்டுவனவும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த ஸ்ரீரங்கம் தீவிலும், அதனையடுத்த திருச்சிராப்பள்ளி வட்டாரத்திலும், நெல்லும் வாழையும் பயிரிடும் குடியானவர்கள் களத்துக்கும் தோட்டத்துக்கும் காவலாக நாய் வளர்ப்பது நெடுங்கால வழக்கம். முற்றிய வாழைத்தாரைக் களவினின்றும், வரப்பைப் பெருச்சாளியினின்றும் காப்பதில் நல்ல நாய் ஓர் ஆளுக்குச் சமம். சிலர் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நாட்டு இனக் குட்டிகளைத் தென் மாவட்டங்களிலிருந்து விலை கொடுத்து வாங்குகின்றனர். பலர் தெருவிற் பிறந்த குட்டியையே எடுத்து வளர்க்கின்றனர். எவ்வகைக் குட்டியாயினும், மூன்று மாதத்திலிருந்து பத்து மாதத்துக்குள் ஒரு நாள், நேற்றுவரை ஆவலோடு தின்ற சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போவது உண்டு.

அப்போது வளர்ப்போர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். ஒரு சாரார், மனம் பொறாது, பாலும் பிஸ்கோத்தும் இறைச்சியுமாக ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்துக் கெஞ்சுகின்றனர். மற்றொரு சாரார், "பசித்தால் தானே தின்னும்" என்று சொல்லி விட்டுவிடுகின்றனர். நலமான குட்டியைக் கெஞ்சினால் அது கெட்ட பழக்கம் கற்கும். நோயுற்ற குட்டியைப் பட்டினி போட்டுக் காத்திருந்தால் அது இறக்கும். ஆதலின் மருந்தையும் ஆகாரத்தையும் தேடுமுன், குட்டி எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிவதே முதல் வேலை. அதற்குக் கால் மணி நேரம் போதும்.

முதலில் குட்டியைப் பார்க்க. பிறகு தட்டைப் பார்க்க

தட்டில் மிஞ்சிய சோற்றைக் கொண்டு நோயை அறிய இயலாது. குட்டியின் நடத்தையையும் உடம்பையும் பின்வரும் வரிசையில் சோதிக்க வேண்டும்.

1. பெயர் சொல்லி அழைத்தால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறதா, அல்லது மூலையிற் சுருண்டு கிடக்கிறதா?

2. தண்ணீர் குடிக்கிறதா? குடித்தது வயிற்றில் தங்குகிறதா?

3. மேலுதட்டைத் தூக்கி ஈற்றைப் பார்க்க வேண்டும். நலமான ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்கும். வெளுத்த ஈறு இரத்தக் குறைவையும், மஞ்சள் ஈறு காமாலையையும், ஒட்டும் வறண்ட ஈறு நீர்க்குறைவையும் காட்டும். ஆனால் வாயிலிருந்து எச்சில் ஒழுகினாலும், தாடை தொங்கினாலும், நடத்தை திடீரென்று மாறியிருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அதன் காரணம் பின்னர்க் கூறப்படும்.

4. தோள்மேல் தோலை இரு விரலால் இழுத்து விட்டால் உடனே படிய வேண்டும். மெல்ல மெல்லப் படிந்தால் உடம்பில் நீர் வற்றியுள்ளது.

5. ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் நலமான நாய்க்கு 101 முதல் 102.5 பாரன்ஹீட் பாகை வரை இருக்கும். மனிதனுக்குக் காய்ச்சல் எனத் தோன்றும் இச்சூடு நாய்க்கு இயல்பு. 103 பாகைக்கு மேற்பட்டால் காய்ச்சல் எனக் கொள்ளலாம்.

6. மலத்தில் இரத்தம், சளி, புழு உள்ளனவா என்றும், காதுமடல், விரலிடுக்கு ஆகிய இடங்களில் உண்ணி பற்றியுள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

இவை யாவும் சரியாயிருந்து, குட்டி விளையாடிக்கொண்டும் இருந்தால், மூன்று மாதத்துக்கு மேற்பட்டதை ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை. மூன்று மாதத்துக்குட்பட்ட சிறு குட்டிக்கு அவ்வளவு பொறுமை ஆகாது; அதன் உடம்பில் சேமிப்பு குறைவு. இரண்டு வேளை தொடர்ந்து உண்ணாவிடில் மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். சோதனையில் ஒன்றேனும் தவறாயிருப்பின் எந்த வயதாயினும் அன்றே கொண்டு போவது கடமை.

நலமாயிருந்தும் உண்ணாத குட்டி

நோயில்லாத குட்டி உணவை மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஐந்து.

முதலாவது, இடமாற்றம். தாயையும் உடன் பிறந்த குட்டிகளையும் பிரிந்து நீண்ட வழி வந்த குட்டி ஓரிரு நாள் சரியாக உண்ணாது. முன்பிருந்த வீட்டில் என்ன உண்டதோ அதையே ஒரு வாரம் கொடுத்து, பிறகு புது ஆகாரத்தை முதலிற் கால் பங்கும், அடுத்து அரைப் பங்கும், பின் முக்காற் பங்குமாகக் கலந்து மாற்றுவது நலம்.

இரண்டாவது, வெயில். சித்திரை வைகாசியில் திருச்சிராப்பள்ளியின் வெப்பம் 40 செல்ஷியஸ் பாகையை எட்டுவது வியப்பன்று. நாய்க்கு உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைப்பினாலேயே அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நடுப்பகலில் அதற்குச் சோறு பிடியாது. விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வைத்தால் அதே குட்டி உண்ணும். நிழலும், நாளொன்றுக்குப் பலமுறை மாற்றிய தண்ணீரும் இன்றியமையாதவை.

மூன்றாவது, பல். நாய்க்குட்டியின் 28 பாற்பற்கள் நான்காம் மாதம் தொடங்கி ஏழாம் மாதத்துக்குள் விழுந்து, 42 நிலைப் பற்கள் முளைக்கின்றன. அப்போது ஈறு நோகும். கடினமான ஆகாரத்தை வெந்நீரில் ஊறவைத்து மசித்துக் கொடுத்தால் போதும்.

நான்காவது, பிறர் கொடுக்கும் தீனி. ஸ்ரீரங்கத்து வீடு ஒன்றில் ஐந்து மாதக் குட்டி மூன்று நாளாக இரவுச் சோற்றைத் தொடவில்லை என வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் கவலையுறுகிறார். விசாரித்தால், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் ஆளுக்கு நாலு பிஸ்கோத்து கொடுத்திருப்பார்கள். பாட்டி மதிற்சுவரின்மேல் காக்கைக்கு வைத்த சோறு குட்டியின் வயிற்றிற் போயிருக்கும். அடுத்த தெருவில் விசேஷம் முடிந்து எறிந்த எச்சில் இலைகளையும் அது நக்கியிருக்கும். இக்குட்டி பட்டினி கிடக்கவில்லை, வேறிடத்தில் உண்டிருக்கிறது. வீட்டில் உள்ளோர் அனைவரும் கூடி, இன்னார் ஒருவரே தீனி வைப்பது என்று தீர்மானிப்பதே இதற்குப் பரிகாரம்.

ஐந்தாவது, கற்ற பழக்கம். சோற்றை மறுத்தால் இறைச்சி வரும் என்று குட்டி ஒருமுறை அறிந்துகொண்டால் மறுமுறையும் மறுக்கும். இதற்குக் குறித்த நேரமே மருந்து. மூன்று மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதற்குமேல் இரண்டு வேளை என வகுத்துக்கொண்டு, ஒவ்வொரு வேளையும் 20 நிமிஷம் தட்டை வைத்து, உண்ணாவிடில் பேசாமல் எடுத்துவிட வேண்டும். இடையில் யாதொன்றும் தரலாகாது. தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். நலமான குட்டி பெரும்பாலும் ஓரிரு வேளைக்குள் வழிக்கு வரும்.

ரஷ்ய தேசத்து உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ், ஜீரண உறுப்புக்களின் தொழிலை நாய்களைக் கொண்டு ஆராய்ந்து 1904-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். உணவு வயிற்றை அடையுமுன்பே, அதன் தோற்றத்தாலும் மணத்தாலும் இரைப்பையில் ஜீரண நீர் ஊறத் தொடங்குகிறது என்பது அவர் விளக்கிய உண்மைகளுள் ஒன்று. ஆகவே, ஆறிக் குளிர்ந்த சோற்றைச் சற்று வெதுவெதுப்பாக்கி மணம் எழச் செய்து, நாள்தோறும் அதே வேளையில், அதே இடத்தில் வைப்பது வெறும் செல்லமன்று. பசியைத் தூண்டும் முறையாகும்.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள் இயல்பாகவே மெலிந்த உடலும் ஒட்டிய வயிறும் உடையவை. அவற்றின் விலாவெலும்பு சிறிது தெரிவதைப் பட்டினி என்று கருதி, வயிறு நிறைந்த குட்டியை மேலும் உண்ணும்படி வற்புறுத்துவோர் பலர். வாரம் ஒருமுறை நிறுத்து எடையைக் குறித்து வருவதே சரியான அளவுகோல். எடை ஏறிக்கொண்டிருந்தால் கவலை வேண்டாம்.

மறுப்பு ஓர் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்

குட்டி குறித்த நேரத்துக்கு இணங்காமல் நாட்கணக்கில் அரைவயிறு உண்டால், தவறு தட்டில் இருக்கலாம். இதற்கு ஓர் உண்மை வரலாறு உண்டு. அமெரிக்காவின் தென் மாகாணங்களில் மக்காச்சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த ஏழைகளைப் பெல்லாக்ரா என்னும் நோய் வாட்டியது. அரசாங்கப் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர், 1920-களில் அத்தகைய ஆகாரத்தையே நாய்களுக்குக் கொடுத்துச் சோதித்தார். நாய்கள் அதை உண்ண மறுத்தன. பசியைத் தூண்டுவதற்காக ஈஸ்ட் என்னும் நொதிப்பொருள் சிறிது சேர்க்கப்பட்டது. நாய்கள் உண்டன, அன்றியும், அவ்வாகாரத்தால் வர வேண்டிய கறுநாக்கு நோய் அவற்றுக்கு வரவில்லை. ருசிக்காகச் சேர்த்த பொருளிலேயே நோயைத் தடுக்கும் சத்து இருந்தது. 1937-ஆம் ஆண்டில் கான்ராட் எல்வேஜெம் என்பவர் நிக்கோட்டினிக் அமிலத்தைக் கொடுத்துக் கறுநாக்கு நோயைக் குணப்படுத்தியதும் அச்சத்து இன்னதென்று விளங்கிற்று. பசியின்மை அந்நோயின் முதல் அறிகுறிகளுள் ஒன்று.

இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி என்பவர் பெரும்பாலும் தானிய ஆகாரத்திலேயே நாய்க்குட்டிகளை வளர்த்தபோது அவற்றின் கால்கள் வளைந்தன; மீன் எண்ணெய் கொடுத்தபோது அந்நோய் தடுக்கப்பட்டது. இம்முடிவுகளை அவர் 1919-ஆம் ஆண்டில் வெளியிட்டார். எலும்புக்கு வேண்டிய டி வைட்டமினை மனிதன் வெயிலினால் தன் தோலிலேயே பெறுகிறான். நாயின் தோல் அவ்வாறு போதிய அளவு உண்டாக்குவதில்லை. வெயிலுக்குக் குறைவில்லாத திருச்சிராப்பள்ளியிலும் நாய்க்கு அச்சத்து ஆகாரத்தின் வழியாகவே சேர வேண்டும்.

இவ்வட்டாரத்தில் பெரும்பாலான குட்டிகள் வெறும் பாற்சோறும் தயிர்ச்சோறும் உண்டே வளர்கின்றன. வளரும் குட்டியின் ஆகாரத்தில், நீர் நீங்கலாக, நூற்றுக்கு 22 பங்கேனும் புரதம் வேண்டும். அரிசியில் உள்ளது ஏறக்குறைய 7 பங்கே. ஆகவே சோறு வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது. சோற்றில் வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய மீன் அல்லது கோழி, சிறிது ஈரல், வெந்த பூசணி ஆகியவற்றைச் சேர்த்தால் சத்தும் மிகும்; மணமும் மிகும். தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் பி வைட்டமின் சத்து அதிகம் தங்கும். சுண்ணாம்புச் சத்தை எவ்வளவு சேர்ப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

மாமிசம் சமைக்காத வீடுகள் ஸ்ரீரங்கத்தில் மிகுதி. அத்தகைய வீட்டில் முட்டைக்கு இடமுண்டாயின் முட்டையும், குழைய வெந்த பருப்பும், தயிரும் உதவும். முட்டையும் ஆகாதென்றால், கடைகளில் விற்கும் குட்டி நாய்களுக்குரிய நிறையுணவை மருத்துவரின் யோசனைப்படி வாங்கிக் கொடுப்பதே குட்டிக்கு நியாயம் செய்வதாகும். பசும்பால் சில குட்டிகளுக்கு ஜீரணமாகாமல் கழிச்சலை உண்டாக்கும். தயிரும் மோரும் அவ்வளவு கெடுதி செய்வதில்லை.

நோயினால் உண்ணாத குட்டி

சோர்வுடன் கூடிய உணவு மறுப்புக்கு இளநாயிற் காணும் முக்கிய காரணங்கள் பின்வருமாறு.

பார்வோ வைரஸ் கழிச்சல்: 1978-ஆம் ஆண்டில் உலகின் பல தேசங்களிலும் தோன்றிய நோய் இது. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளையே பெரிதும் தாக்கும். முதல் நாள் குட்டி உண்ணாது, சோர்ந்து படுக்கும். பிறகு வாந்தியும், துர்நாற்றமுள்ள இரத்தக் கழிச்சலும் தொடங்கும். சிகிச்சையில்லாக் குட்டிகளிற் பெரும்பாலானவை சில நாட்களில் மடியும். உடனே நரம்பின் வழியாக நீரேற்றிச் சிகிச்சை செய்தால் பெரும்பாலானவை பிழைக்கும். "பசித்தால் தின்னும்" என்று கழித்த ஒரு நாளே பல குட்டிகளின் உயிரைக் கொள்வது. கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். ஆதலின் இந்நோயால் ஒரு குட்டி இறந்த வீட்டில் தடுப்பூசி முடியாத மற்றொரு குட்டியை உடனே கொண்டு வரலாகாது. தரையையும் தட்டையும் சலவைத்தூள் கரைத்த நீரால் கழுவ வேண்டும்.

டிஸ்டெம்பர்: இது வைரஸால் வருவதென்று 1905-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஹென்றி காரே கண்டறிந்தார். கண்ணிலும் மூக்கிலும் சீழ் ஒழுகும். காய்ச்சலும் இருமலும் உண்டு. பின்னர்த் தசை துடிப்பும் வலிப்பும் வரலாம்.

குடற்புழு: வட்டப்புழு தாயின் கருவிலேயே குட்டிக்குத் தொற்றும். கொக்கிப்புழு குடலைக் கடித்து இரத்தம் குடிக்கும். பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்தே மருத்துவர் கூறும் அளவில், குறித்த இடைவெளியில் புழுநீக்க மருந்து கொடுத்துவர வேண்டும்.

உண்ணிக் காய்ச்சல்: உண்ணி பரப்பும் நுண்கிருமிகளால் காய்ச்சலும், ஈறு வெளுத்தலும், சில சமயம் மூக்கில் இரத்தமும் காணும். உண்ணியை ஒழிக்காமல் நோயை ஒழிக்க இயலாது.

எலிக் காய்ச்சல்: ஐப்பசி கார்த்திகை மழையில் வயலிலும் சாக்கடையிலும் தேங்கும் நீரில் எலியின் சிறுநீர் கலப்பதால் வரும். கண்ணும் ஈறும் மஞ்சளிக்கும். இது மனிதருக்கும் தொற்றுமாதலால் நோயுற்ற நாயின் சிறுநீரை வெறுங்கையால் தொடலாகாது.

அடைப்பு: மாம்பழக் காலத்தில் குட்டிகள் மாங்கொட்டையை விழுங்கிவிடும். அது குடலில் அடைத்துக்கொண்டால் உண்டதும் குடித்ததும் வாந்தியாகும், மலம் நிற்கும். தேங்காய் நாரும் துணியும் கயிறும் இவ்வாறே அடைக்கும். இதற்குப் பேதி மருந்து கொடுப்பது ஆபத்து. படம் பிடித்துப் பார்த்து, வேண்டுமாயின் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும்.

நஞ்சு: எலிப் பாஷாணம், பயிர்களுக்குத் தெளிக்கும் மருந்து, தேரையைக் கௌவுதல் ஆகியவற்றாலும் எச்சில் ஒழுகி உணவை மறுக்கும். நஞ்சின் புட்டியையோ பொட்டலத்தையோ உடன் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவது சிகிச்சையை விரைவாக்கும்.

விழுங்க இயலாத நாய்

எல்லாவற்றினும் முக்கியமானது இதுவே. நாய் உண்ண விரும்பியும் விழுங்க மாட்டாமல் தவித்தால், தாடை தொங்கினால், எச்சில் நூலாக ஒழுகினால், குரல் மாறினால், இருட்டைத் தேடி ஒளிந்தால், வெறிநோய் என்றே முதலில் ஐயுற வேண்டும். வெறிநாய் எப்போதும் பாய்ந்து கடிக்கும் என்பது பிழையான எண்ணம். ஊமை வெறியில் நாய் அமைதியாகவே கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியதாகக் கருதி, அதை எடுக்க வேண்டுமென்ற இரக்கத்தால் வீட்டுக்காரர் வாய்க்குள் கையை விடுகிறார். கிருமி எச்சிலில் இருக்கிறது. கையில் உள்ள சிறு கீறலே அது புகுவதற்குப் போதும். நோய்க்குறி தோன்றுவதற்குச் சில நாள் முன்பிருந்தே எச்சிலில் கிருமி இருக்கக்கூடும். மனிதருக்கு நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தல் அரிதினும் அரிது.

எனவே, அவ்வாறான நாயைத் தொடாமல், தனி அறையிலோ கொட்டகையிலோ அடைத்து, குழந்தைகளை விலக்கி, கால்நடை மருத்துவருக்கு ஆள் அனுப்ப வேண்டும். கடித்திருந்தாலும், நகத்தாற் கீறியிருந்தாலும், எச்சில் புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தாலும் தாமதியாமல் கழுவ வேண்டும். புண்ணைச் சோப்பினாலும் ஓடும் நீராலும் 15 நிமிஷம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்வது உயிரைக் காக்கும். திருச்சிராப்பள்ளி நகரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை உள்ளது. மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக் காலம் கடத்தலாகாது. பாஸ்டர் 1885-ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இந்நோய்த் தடுப்பூசி போட்டார். நீலகிரியில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. அவ்வளவு காலமாகக் கைவசமுள்ள பாதுகாப்பை அசட்டையினால் இழப்பது தகாது.

செய்யத் தகாதன

மறுக்கும் குட்டியின் வாயைப் பிளந்து சோற்றையோ எண்ணெயையோ ஊற்றலாகாது; அது மூச்சுக்குழலிற் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். மனிதர் உண்ணும் காய்ச்சல், வலி மாத்திரைகளைக் கொடுத்தல் கூடாது. அவை நாய்க்கு நஞ்சாகலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியனவும் தீங்கு செய்வன; ஆகவே குழம்பு கலந்த எச்சிற்சோறு நாய்க்கு உகந்ததன்று. சமைத்த கோழியெலும்பு பிளந்து குடலைக் குத்தும்.

வருமுன் காத்தல்

ஆறாவது அல்லது எட்டாவது வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரை தொடர்ந்து போட வேண்டும். பார்வோவும் டிஸ்டெம்பரும் இதனால் தடுக்கப்படுவன. மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் குறிக்கும் காலத்தில் மீண்டும் போட வேண்டும். ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் குட்டியின் எடை, ஊசி போட்ட தேதி, புழு மருந்து கொடுத்த தேதி, உண்ணாத வேளை ஆகியவற்றை எழுதி வந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை குறையும்.

வாய் பேசாத பிராணி தன் துன்பத்தைத் தெரிவிப்பதற்குள்ள வழிகளில் தட்டை விட்டு விலகுவதும் ஒன்று. அதைப் பிடிவாதம் என்று ஒதுக்காமலும், நோய் என்று வீணே அஞ்சாமலும், கால் மணி நேரம் நின்று பார்ப்பவர் தம் குட்டியையும் காப்பார். அதனோடு விளையாடும் தம் பிள்ளைகளையும் காப்பார்.